சாலைக்கு இந்தப் பக்கம்

என் வாய் சும்மா இருக்காது. இதை நானே சொல்லிவிடுகிறேன், அப்புறம் எங்கள் பிளாட்டில் வேறு யாரும் வந்து சொல்லத் தேவையில்லை பாருங்கள். அழுத பிள்ளைக்குத்தான் பால் கிடைக்கும் என்று நம்புகிறவள் நான். கேட்க வேண்டியதைக் கேட்டே தீருவேன், கொஞ்சம் சத்தமாகவே கேட்பேன். அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் பொறுமை மட்டும் எனக்குக் கிடையாது.

என் வீட்டுக்காரர் தம்புசாமி கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், செவ்வாய், வியாழன், சனி என்று டயாலிசிஸ். இருந்த வீட்டை விற்றுவிட்டு இந்த மலிவுவிலை பிளாட்டின் ஒன்பதாவது மாடிக்கு வந்தோம். வந்த கொஞ்ச நாளில் லிப்ட் நின்றது. ஒன்று இல்லை, இரண்டுமே நின்றன. ஏழாவது மாடியில் இருந்த இரண்டு நேப்பாளத் தொழிலாளிகள் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் கீழே தூக்கிப் போவார்கள். அவர்களுக்குப் பகல் ஷிப்ட் என்றால் தூக்க ஆள் கிடையாது. அப்படி ஒரு வியாழக்கிழமை போகாமலே விட்டோம். சனிக்கிழமை காலையில் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"விட்டுடு சீதா. அரிசி மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போறதுக்குப் போகாமலே இருந்துடலாம்."

டயாலிசிஸை விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

செருப்பை மாட்டிக்கொண்டு நேரே சாலையைக் கடந்தேன். எங்கள் பிளாட்டுக்கு எதிர்வரிசையில், நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில்தான் புக்கிட் செலாசி சட்டமன்றத் தொகுதி உறுப்பினர் மாதவியின் சேவை மையம். இங்கே சட்டமன்ற உறுப்பினர்களை ஒய்பி என்போம், ஒய்பி மாதவி என்று பெரிய எழுத்தில் பலகை எங்கள் வராந்தாவிலிருந்தே தெரியும். உள்ளே போனதும் அவளுடைய உதவியாளர் முகுந்தன் நம்பர் எடுக்கச் சொன்னான். நம்பர் எடுக்க இது என்ன பேங்கா என்று கேட்டுவிட்டு உள்ளறைக்குள் நுழைந்தேன். மாதவி நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். ஒய்பியை அவள் இவள் என்கிறேனே என்று பார்க்காதீர்கள், என் மகள் வயது.

"லிப்ட் ரெண்டும் ஓடல. என் வீட்டுக்காரர் செத்தப்புறம் மாலை போட மட்டும் வருவீங்களா?" என்றேன்.

அவள் கையைப் பொட்டலத்திலிருந்து எடுத்தாள். "எந்த பிளாட்டுக்கா?"

"எதுத்தாப்புல நிக்குதே, கண்ணு தெரியலயா?"

முகுந்தன் பின்னாலேயே வந்து நின்றான். "ஆன்டி, அந்த பிளாட் வந்து..."

"நீ சும்மா இரு தம்பி. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்ற மாதிரியில்ல இருக்கு." பிறகு அவள் பக்கம் திரும்பினேன். "அடுத்த எலெக்‌ஷன்ல ஓட்டு வேணுமா வேணாமா? எங்க பிளாட்டுல எவ்வளவு ஓட்டு இருக்குன்னு தெரியுமா? லிப்ட் வரல, ஒரு ஓட்டு வராது. சொல்லிட்டேன்."

அவள் முகுந்தனைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"அண்ணனுக்கு அடுத்த டயாலிசிஸ் எப்பக்கா?"

"இன்னைக்கு. இந்நேரம் போயிருக்கணும்."

அவள் எழுந்து கையைக் கழுவினாள். நான் திரும்ப ஒன்பது மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, முகுந்தனும் நாசி கண்டார் கடைக்காரர் ஒருவரும் அவளும் எனக்கு முன்னாலேயே வாசலில் நின்றார்கள். ஆண்கள் இரண்டு பேரும் நாற்காலியைத் தூக்க, அவள் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கினாள். கீழே வந்ததும் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "லிப்ட் உடனே வராதுக்கா. ஆனா அண்ணன் ஒரு நாள்கூட டயாலிசிஸ் போகாம இருக்கமாட்டார்" என்றாள்.

அதேபோல் செவ்வாய், வியாழன், சனி என்று ஆள் அனுப்பினாள். ஆனாலும் நான் விடவில்லை. ஆடி மாதம் கோயிலில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தும்போது கூட்டத்துக்கு நடுவிலிருந்து, "பொன்னாடை இருக்கட்டும், லிப்ட் எங்க?" என்று கேட்டேன். கோயில் தலைவருக்கு மூஞ்சியில் ஈயாடவில்லை. ஒரு கல்யாண வரவேற்பில் அவள் இலைக்கு எதிரே போய் உட்கார்ந்து, அவள் அப்பளத்தை உடைக்கும்வரை பேசினேன். பாசாரில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவளைக்கூட விடவில்லை. ஒவ்வொரு முறையும் கடைசியில் ஓட்டு ஞாபகத்தில் இருக்கட்டும் என்று சொல்லித்தான் முடிப்பேன். அவளும் ஒவ்வொரு முறையும், "சரிக்கா, ஞாபகம் இருக்கு" என்பாள். ஒருநாளாவது முகம் சுளிக்கட்டுமே என்று எனக்கே ஆத்திரமாக வரும்.

லிப்ட் வந்தது. பழையதைப் பழுதுபார்க்கவில்லை, புதுசாகவே இரண்டு போட்டார்கள். என் வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில் தனியாகவே கீழே போய், ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வந்தார். டாக்டருக்குத் தெரிந்தால் திட்டுவார், நான் திட்டவில்லை. அன்றைக்குச் சாமி படத்துக்கு முன்னால் நின்று நன்றாக அழுதேன்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஒரு சாக்கடை மூடி போட்டாலே பிளாட் நீளத்துக்குப் பேனர் கட்டுகிற ஊர் இது. மாதவி ஒரு பேனர்கூடக் கட்டவில்லை, போட்டோ எடுக்கவும் வரவில்லை. பக்கத்து வீட்டு டோரிஸ், "வெக்கப்படுற பொண்ணு போல" என்றாள். டோரிஸுக்கு ஓட்டு இன்னும் அவள் சொந்த ஊரான தெலுக் இந்தானில், அவளுக்கு எங்கள் ஊர் அரசியல் தெரியாது. வெட்கமாவது, பாவம் அரசியலே தெரியாத பெண் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாநிலத் தேர்தல் வந்தது. போன தடவை மாதவி மயிரிழையில் ஜெயித்தவள், இந்தத் தடவை தோற்றுவிடுவாள் என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் போய்விட்டால் ஓட்டு கேட்கிறவர்கள் வருவார்கள், காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்குகிறவள் வருவாளா? எங்கள் பிளாட் ஓட்டு சிந்தாமல் சிதறாமல் அவளுக்குப் போய்ச் சேரவேண்டியது என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். மாடி மாடியாக ஏறி இறங்கினேன், லிப்டில்தான். சொந்த வீட்டுக்காரர்கள் கொஞ்சம் பேர்தான், மற்றவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். எல்லாரும் என் வாய்க்குப் பயந்து தலையாட்டினார்கள்.

வேறொரு வேட்பாளரின் ஆட்கள் துண்டறிக்கையோடு லிப்ட் வாசலில் நின்றார்கள். "உங்களுக்கு இங்க ஒரு ஓட்டு கிடையாது, எல்லாம் மாதவிக்குத்தான்" என்று விரட்டினேன். அதில் ஒருவர், "அக்கா, மாதவி நிக்கிறது..." என்று ஆரம்பித்தார். "எங்க நிக்கணும்னு அவளுக்குத் தெரியும், நீ நடய்யா" என்று லிப்ட் கதவை மூடிவிட்டேன்.

ஒரே ஒரு வருத்தம் இருந்தது. எல்லா இடத்துக்கும் ஓட்டு கேட்கப் போன மாதவி, எங்கள் பிளாட்டுக்கு மட்டும் வரவில்லை. போய்க் கேட்டேன்.

"எங்க வாசப்படி மிதிக்க மாட்டியாம்மா?"

"அக்கா, அது வந்து, உங்க பிளாட்டு..."

"எங்க பிளாட்டை என்கிட்ட விடு. நீ மத்த இடத்தைப் பாரு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை வாக்களிப்பு. டயாலிசிஸுக்கு முன்னால் ஓட்டு போட்டுவிடலாம் என்று காலையிலேயே இருவரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். போன வருடம் நாடாளுமன்றத் தேர்தலுக்கும் இதே பள்ளிதான். அவரைக் கீழ்த்தளத்து வரிசையில் விட்டுவிட்டு நான் என் வரிசைக்குப் போனேன். பெயரை உரக்கப் படித்தார்கள், விரலில் மை வைத்தார்கள், தாளைக் கொடுத்தார்கள். மறைப்புக்குள் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன்.

மாதவி பெயர் இல்லை.

மேலிருந்து கீழே படித்தேன், கீழிருந்து மேலே படித்தேன். இல்லை. தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, தாள் மாறிப்போய்விட்டது என்று மலாயில் சத்தம் போட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அங்கே தேர்தல் வேலையில் இருந்த மலாய் ஆசிரியை என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். நாடாளுமன்றத்துக்குச் சாலையின் இரண்டு பக்கமும் ஒன்றுதான். சட்டமன்றத்துக்கு அந்தச் சாலைதான் எல்லை. அந்தப் பக்கம் புக்கிட் செலாசி. உங்கள் பிளாட் இருக்கிற இந்தப் பக்கம் செம்பாக்கா தொகுதி.

யாருக்கோ கோடு போட்டுவிட்டு வெளியே வந்தேன். யாருக்கு என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். என் வீட்டுக்காரர் வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே தாள்தானே.

"மூணு வருசமா இல்லாத ஓட்டைக் காட்டி அந்தப் பொண்ணை மிரட்டியிருக்க சீதா."

அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. முதல் நாள் பிளாட்டைச் சொன்னபோதே அவளுக்குத் தெரியும். என்னிடமிருந்து ஒரு ஓட்டும் வராது என்று தெரிந்தே சாப்பாட்டை விட்டு எழுந்து வந்தாள். தெரிந்தேதான் கோயிலிலும் கல்யாணத்திலும் என்னிடம் ஏச்சு வாங்கிக்கொண்டாள். நான் ஓட்டைச் சொல்லி மிரட்டும்போதெல்லாம் அது என்னிடம் இல்லவே இல்லை. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. மனிதர்கள் இவ்வளவு நல்லவர்களாக இருந்தால் என்னைப் போன்றவள் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

மாதவி ஜெயித்துவிட்டாள். இந்தத் தடவையும் மயிரிழைதான், ஆனால் ஜெயித்தாள். பாயசம் வைத்து டோரிஸ் வீடுவரை கொடுத்தேன். சாலையைக் கடந்து அவளிடம் கொண்டுபோகக் கால் வரவில்லை. அவள் பலகை கண்ணில் பட்டாலே வராந்தாவிலிருந்து உள்ளே போய்விடுவேன்.

கொஞ்ச மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காலை, லிப்ட் மறுபடி நின்றது. மறுநாள் வியாழன், அவருக்கு டயாலிசிஸ். இந்தத் தடவை எனக்கு விலாசம் தெரியும். பஸ் பிடித்துச் செம்பாக்கா ஒய்பியின் சேவை மையத்துக்குப் போனேன். நல்ல கூட்டம். சண்டை போடாமல் நம்பர் எடுத்துக்கொண்டு நாற்காலி வரிசையைத் தேடினேன்.

கடைசி நாற்காலியில், கையில் நம்பர் சீட்டோடு, ஒய்பி மாதவி உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்து இடம் கொடுத்தாள். "உங்க படிக்கட்டு எங்க ஆபீஸ் ஜன்னல்ல நல்லா தெரியும்க்கா. காலையில கேஸ் போடுறவரு சிலிண்டரைத் தோள்ல தூக்கிட்டு ஏறிப் போறாரு. சரி, லிப்ட் நின்னுடுச்சுன்னு புரிஞ்சிருச்சு. நாளைக்கு வியாழக்கிழமை இல்லையா?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து வந்த குமாஸ்தா அம்மா அவளைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்ன ஒய்பி, மறுபடியும் அந்த லிப்டா? போன தடவை மாதிரி வாராவாரம் வந்து உக்கார வேணாம்லா. ஒரு போன் போட்டா போதும்."

"நேர்ல வந்து கேட்டாத்தான் நடக்கும்னு ஒரு அக்கா சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றாள் மாதவி.

நான் பாசாரிலும் கோயிலிலும் அவளைத் துரத்தித் துரத்திப் பேசிய அத்தனை மாதமும், அவள் இங்கே வந்து வாராவாரம் இன்னொரு ஒய்பியின் கதவுக்கு வெளியே காத்துக்கிடந்திருக்கிறாள்.

"நான் உனக்கு ஓட்டே போடலம்மா" என்றேன்.

"தெரியும்க்கா. போட முடியாதுல்ல."

அவள் நம்பரைக் கூப்பிட்டார்கள். இருவரும் சேர்ந்தே உள்ளே போனோம். அவள் லிப்டைப் பற்றி, படியைப் பற்றி, என் வீட்டுக்காரரின் செவ்வாய், வியாழன், சனியைப் பற்றி அந்த ஒய்பியிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.