பச்சை அட்டையும் பென்ரித்தின் உரையும்

காலை ஏழு மணிக்கு நேர்காணல். ஆறு ஐம்பதுக்கே மின்சாரம் போய்விட்டது. மடிக்கணினியும் வைஃபை பெட்டியும் ஒரே பேட்டரியில் ஓடின. நாற்பது நிமிடம் தாங்கும் என்றார் அப்பா விநாயகமூர்த்தி. அது போன வருடக் கணக்கு.

"கீழ கடை காஜா மைதீன்கிட்ட ஜெனரேட்டர் போடச் சொல்றேன். நீ பென்ரித் பள்ளிக்கூடம் கட்டுனத மட்டும் சொல்லு. அந்தப் பழைய பேச்செல்லாம் எடுக்காத."

"ஏன்ப்பா?"

"கேக்குறது அவரோட பேத்தி. தாத்தாவக் குத்தம் சொன்னவளுக்கு எவ சீட்டு குடுப்பா? மீ போகாத ஊருக்குப் போற வழியப் பாரு."

மீ என்றால் மின்சாரம். பர்மாவில் அவர்கள் இருக்கும் பபேடான் பகுதியில் எந்த வீட்டிலும் நாளைக்கு இருபது தடவை கேட்கும் பர்மியச் சொல்.

மகள் மஞ்சுளாவுக்குப் பத்தொன்பது வயது. வால்டர் பென்ரித் என்ற கனடிய அரசியல்வாதியின் பெயரில் அந்நாட்டுக் கல்லூரி ஒன்று ஆண்டுதோறும் ஒரு வெளிநாட்டு மாணவருக்கு இடம் தருகிறது. அவருடைய வாழ்க்கையைப் படித்துவிட்டு வந்து பேச வேண்டும். பெண்களையும் விடாமல் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியல் அவர்கள் தெருவுக்கும் வந்துவிட்டது; வெளிநாடு போனால்தான் தப்பலாம். அவளுக்கு வேறு எங்கும் இடம் கிடைக்கவில்லை.

திரையில் மூவர். நடுவில் பேத்தி: நரைத்த முடி, சிரிக்காத முகம். முதலில் அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார்.

"உங்கள் நாட்டிலிருந்து வந்த இன்னொருவர் காட்டியது இளஞ்சிவப்பு. இது ஏன் பச்சை?"

"அது முழுக் குடிமக்களுக்கு. நாங்கள் இங்கே நான்கு தலைமுறையாக இருந்தாலும், இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று எங்களுக்கு இதுதான்."

அவர் குறித்துக்கொண்டார். "பென்ரித்திடம் உங்களுக்கு முக்கியமாகத் தோன்றுவது எது?"

பேட்டரி ஒருமுறை கீச்சிட்டது. நேர்காணல் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடங்களைப் பற்றிய பதில் நாக்கு நுனியில் இருந்தது. அட்டை இன்னும் கையில் இருந்தது.

"மரம் அறுக்கும் ஆலையிலிருந்து சட்டமன்றத்துக்கு வந்தவர். 1938இல், ஆசியர்களுக்கு வாக்குரிமை கூடாது, எத்தனை காலம் இருந்தாலும் அவர்கள் விருந்தாளிகள்தான் என்று பேசினார். 1947இல் அதே அவையில் எழுந்து, தான் சொன்னது தவறு என்று சொல்லி, வாக்குரிமைக்கு ஆதரவாக வாக்களித்தார். அடுத்த தேர்தலில் தோற்றார். மீண்டும் வென்று அமைச்சரானது, பள்ளிகள் கட்டியது எல்லாம் அதற்குப் பிறகு."

"அதற்காக அவரை மதிக்கிறீர்களா?"

"1947க்காக மதிக்கிறேன். ஆனால் நடுவில் ஒன்பது வருடம் போயிருக்கிறது. உங்கள் இணையப் பக்கத்தில் அந்த முதல் உரையே இல்லை. பழைய சட்டமன்றப் பதிவில் தேடி எடுத்தேன்."

படியில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. கதவருகே வந்து நின்றுவிட்டார். போட்டாதாங் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை பார்ப்பவர், ஆங்கிலம் புரியும்.

பேத்தி முன்னால் குனிந்தார். "அந்த உரையை நான்தான்..."

பேட்டரி நீளமாகக் கத்தியது. திரை கறுத்தது. கீழே ஜெனரேட்டர் அப்போதுதான் இருமிக்கொண்டு கிளம்பியது.

"சொன்னேன்ல," என்றார் அப்பா. "எங்கிட்ட வாயடிக்கிற மாதிரியே அங்கயும் வாயடிச்சுட்ட."

கீழிருந்து ஒயர் இழுத்து இணைப்பு திரும்பி வந்தபோது ஏழரை. நேர்காணல் முடிந்திருந்தது. பேத்தியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் இருந்தது.

'நாளை இதே நேரத்தில் தொடரலாம். அந்த உரையை எங்கள் பக்கத்திலிருந்து நீக்கியது நான். நாளை அதை முழுதாக வாசியுங்கள். மற்ற இருவரும் அதைக் கேட்டதில்லை.'

அப்பா இரண்டு முறை படித்தார். பிறகு பேட்டரியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, சார்ஜ் போடக் காஜா மைதீன் கடைக்கு இறங்கினார்.