தடவி வைத்த கிரீஸ்

சலவைத் தொழிற்சாலைக்குப் புதிதாக வந்த மேனேஜர் சுவரில் ஒரு பலகை மாட்டினார். 'இயந்திரங்களுக்கு நாள்தோறும் உயவிடுக.' மடிக்கிற பெண்கள் அதன் கீழே நின்று ஆளுக்கொரு அர்த்தம் சொல்லிச் சிரித்தார்கள். அங்கே மெஷின் பார்க்கும் அக்கா தங்கையில் பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள்.

"கிரீஸ் அடிங்கன்னு எழுதினா தேஞ்சா போயிடும்?"

சொல்லைத் தப்பாகப் போட்டால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட வேண்டும். தையல் மெஷினுக்கு எண்ணெய் போட வேண்டும். சங்கிலிக்குக் கிரீஸ் தடவ வேண்டும். சும்மா கிடக்கும் இரும்புக்குத் துருவேறாமல் பூசி வைக்க வேண்டும். பேரிங்குக்கு மட்டும் அடிக்க வேண்டும். கிரீஸ் கன்னை அதன் மேலே துருத்தி நிற்கும் சின்ன மூக்கில் மாட்டி, கிரீஸ் உள்ளே போய்ச் சேரும்வரை அழுத்த வேண்டும். "எல்லாம் ஒண்ணுதானேக்கா" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், அன்றைக்கு அவர்கள் நிம்மதியாக டீ குடிக்க முடியாது.

மனிதர்களுக்குச் செய்வது தனி வகை. ஐஸ் வைப்பது, சோப்புப் போடுவது, காக்கா பிடிப்பது. அதில் பெரியவள் சுத்த மக்கு. அந்தத் திறமை மொத்தமும் தங்கைக்குப் போய்விட்டது. சூப்பர்வைசர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் சின்னவளுக்கு அண்ணன்தான். அவளை இந்த வேலைக்குச் சேர்த்துவிட, யாரிடமும் கெஞ்சியறியாத பெரியவள் மூன்று பேரிடம் போய் நின்றாள்.

படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய உருளை மெஷின்கள்தான் இருவர் பொறுப்பிலும் இருந்தன. யாருக்குக் கை ஒழிகிறதோ அவள் அடித்துவிடுவாள். ஒருத்தி அடித்ததற்கு மேல் மற்றவளும் அடித்தால் பேரிங்கை மூடியிருக்கும் ரப்பர் சீல் பிதுங்கிவிடும். அதனால் பெரியவள் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். அடித்து முடித்ததும் மூக்கின் மேல் கட்டை விரலால் ஒரு பொட்டு கிரீஸ் தடவி வைத்துவிட வேண்டும். புதுப் பொட்டு இருந்தால் அன்றைக்கு மற்றவள் தொட வேண்டாம்.

அன்று காலை ஓடிக்கொண்டிருந்த பெரிய மெஷின் அலறி நின்றது. கருகிய வாசனை கூடம் முழுக்கப் பரவியது. வேலையை நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். சின்னவளும் போனாள். பெரியவள் மட்டும் மெக்கானிக்கோடு இருந்தாள். அவர் பேரிங்கைக் கழற்றி அவள் கையில் வைத்தார். உள்ளே ஈரமே இல்லை, செம்பொடியாக உதிர்ந்தது. மூக்கின் மேலே மட்டும் புத்தம் புது பொட்டு.

"எத்தனை மாசமா காயுதோ" என்றார் மெக்கானிக்.

"குழாய் அடைச்சிருக்கும்ணே" என்றாள் பெரியவள். அடைத்திருக்கவில்லை என்று இருவருமே பார்த்துவிட்டார்கள். ஆனாலும் அவள் அதையே திரும்பச் சொன்னாள்.

மேனேஜர் சுருக்கமாகச் சொன்னார். "நாளைக்குக் காலையில அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் வாங்க. யார் அடிக்காம விட்டாங்களோ, அவங்களுக்கு இங்க வேலை இல்ல."

பொழுது சாயும் நேரத்தில் அவள் வீட்டுக் கதவைத் தள்ளினாள். அடுப்படியில் அம்மாவும் சின்னவளும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவு நாளா ஒண்ணும் ஆகலையேம்மா. அந்த கன்னை அழுத்தினா தோளே கழண்டுடும். மேல தடவி வச்சா போதும், அக்கா கிட்ட வந்துகூடப் பார்க்க மாட்டா."

"கை வலிக்குதுன்னா விட்டுடுன்னு அன்னைக்கே நான்தானே சொன்னேன். நாளைக்குக் கேட்டா அக்கா வேலைன்னு சொல்லிடு. அவ வாயைத் திறக்க மாட்டா. எங்க போனாலும் பொழைச்சுக்குவா."

பெரியவள் வாசல்படியிலேயே நின்று கேட்டாள். தங்கை ஏய்த்ததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், சோம்பேறிக் கழுதை. ஆனால் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் தினமும் இவள் தட்டில் சோறு போட்டிருக்கிறாள். பெரியவள் வந்த வழியே வெளியே போய்த் தெருவில் நின்றாள். கொஞ்சம் கழித்துச் செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டு மறுபடி உள்ளே வந்தாள். அம்மா சிரித்த முகமாகத் தண்ணீர் கொடுத்தாள். அதை வாங்கிக் குடித்தும் விட்டாள்.

மறுநாள் மேனேஜர் அறையில் சின்னவள் முந்திக்கொண்டாள். "அந்த மெஷின் அக்காதான் சார் பார்ப்பா. மறந்திருப்பா, பாவம்" என்று கண்ணைத் துடைத்தாள். அந்தப் 'பாவம்'தான் பெரியவளுக்குப் பொறுக்கவில்லை.

அவள் இருவரையும் மெஷின் கூடத்துக்கு அழைத்துப் போய், மூலையிலிருந்த கிரீஸ் கன்னை எடுத்து வந்து தங்கையிடம் நீட்டினாள். அது போன மாதம் வாங்கிய புதியது. முனையைத் திருகிப் பூட்டினால்தான் கிரீஸ் உள்ளே போகும்.

"ஒரே ஒரு தடவை அடிச்சுக் காட்டு."

பக்கத்து மெஷினில் சின்னவள் கன்னை அப்படியே வைத்து அழுத்தினாள். கிரீஸ் பக்கவாட்டில் பீய்ச்சி அவள் பாவாடையில் வழிந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி வழிந்தது. பூட்டு ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. மேனேஜர் வேறு எதுவும் கேட்கவில்லை.

மாலையில் பெரியவள் வந்தபோது அம்மா நடுவீட்டில் நின்றிருந்தாள். சின்னவள் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

"கூடப் பொறந்தவளைக் காட்டிக் கொடுத்துட்டு வந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு மனுஷியா? உன்னை நம்பித்தானே அவளை அனுப்பினேன்? துரோகி!"

பெரியவள் திரும்பிப் போய்க் கதவை ஒரு முறை சாத்தினாள், ஒரு முறை திறந்தாள்.

"போன வாரம் இதுக்கு எண்ணெய் விட்டேம்மா" என்றாள். "நேத்து நான் முதல் தடவை உள்ள வந்தப்போ உங்க ரெண்டு பேருக்கும் சத்தமே கேக்கல."

அம்மாவின் கை மெல்ல வாய்க்குப் போனது. சின்னவளின் அழுகை நின்றுவிட்டது.