பட்டியலின் அடிவாரம்

என் பெயர் சிக்கந்தர். உலகத்தைப் பிடிக்கப் புறப்பட்ட ராஜாவின் பெயர். அத்தா ஆசையாக வைத்தார். நான் பிடித்தது எங்கள் மலையூரில், ஒண்டிக்கடை என்கிற முக்கில், அண்ணன் பக்கீர் முகமதுவின் மிளகு, தேன் கடையில் ஒரு ஸ்டூலை. பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் மூன்று முறை தோற்றவனுக்கு அந்த ஸ்டூலே அதிகம் என்பது அண்ணனின் கருத்து. அதை அவர் தினமும் ஒருமுறையாவது சொல்லிவிடுவார்.

1995இல் ஞானசுந்தரி டீச்சர் தன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போவார். அந்த நேரம் பார்த்துக் குரங்குகள் ஜன்னல் வழியே வந்து எதையாவது தூக்கிக்கொண்டு போகும். அதனால் என்னையும் கிளியூர் அங்கப்பனையும் காவலுக்கு வைத்தார். குரங்கைவிட நாங்கள் தேவலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

அங்கப்பனும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவன் பத்தாம் வகுப்பு பாஸ். சொந்தமாக ஒன்றரை ஏக்கர் காப்பி, ஆரஞ்சு. அது போக, ஓர் ஆஸ்ரமத்தில் இருந்த, மதர் என்று எல்லோரும் கூப்பிடுகிற வயதான ஜெர்மன்கார அம்மாவின் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டான்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓர் ஆட்டம் இருந்தது. சேலத்திலிருந்து யாரோ பிளாப்பியில் கொண்டுவந்து போட்டது. நாங்கள் அதற்கு ராஜா ஆட்டம் என்று பெயர் வைத்தோம். ஒரு ஊர், நாலு சிப்பாய்கள், ஒரு மாட்டு வண்டி. நம் முறை வரும்போது ஆட்களை நகர்த்தலாம், வயல் போடலாம், மதில் கட்டலாம். முடித்துவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினால் கம்ப்யூட்டரின் ஐந்து ராஜாக்களும் தங்கள் முறையை ஆடுவார்கள். சதுரங்கம் மாதிரிதான். ஆனால் எதிராளி ஐந்து பேர், ஐந்து பேருக்கும் நம்மைப் பிடிக்காது.

ஆட்டம் முழுக்க ஜெர்மன் மொழியில் இருந்தது. பிளாப்பி கொண்டுவந்தவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஆறு லெவலுங்க. லேசானதுல ஆரம்பிச்சு ஏறிப் போங்க."

ஆரம்பத்தில் ஆறு சொற்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக வரும். எது லேசானது என்று எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. மலைக்காரனுக்கு அடிவாரம் கீழேதான் இருக்கும். ஏறினால்தான் மூச்சு வாங்கும். பஸ் ரோட்டிலும் முதல் கொண்டை ஊசி வளைவு கீழே, இருபதாவது மேலே. அதனால் பட்டியலின் கடைசிச் சொல்லை முதல் வளைவு என்று முடிவு செய்து, அங்கேயிருந்து புறப்பட்டோம்.

ஒன்பது மாதம் அடி வாங்கினோம். ஒவ்வொரு ஆட்டத்திலும் எங்கள் ஊர் முப்பதாவது முறைக்குள் எரியும். ஒருநாள் பன்னிரண்டாவது முறையிலேயே எரிந்தது.

"லேசானதே இப்பிடின்னா, மேல இருக்கறதெல்லாம் எப்பிடிரா மாப்ள இருக்கும்?" என்றான் அங்கப்பன்.

"நாம மக்குன்னு அண்ணன் சும்மாவா சொல்றாரு."

"உன்னயத்தான் சொல்றாரு. என்னய எதுக்குச் சேத்தற?"

ஜெயித்தது என் சோம்பேறித்தனத்தால். ஒருநாள் கடையில் நாலு பஸ் கூட்டத்துக்குத் தேன் ஊற்றிக் கொடுத்துக் களைத்துப் போய் வந்திருந்தேன். சிப்பாய்களை நகர்த்தக்கூட முடியவில்லை. "உடுறா மாப்ள. கடைக்காரன் எங்காவது ஆளைத் தேடிப் போவானா? மலை மேல கடையைத் தொறந்து வெச்சுட்டுக் குந்திக்கணும். அவனே மூச்சு வாங்கிக்கிட்டு ஏறி வருவான்," என்றேன். ஊரைக் குன்றின் மேல் வைத்தோம். சுற்றி மதில். எங்கள் முறை வந்தால் ஒன்றும் செய்யாமல் பொத்தானை அமுக்கினோம். எதிரிகள் ஏறி ஏறி வந்து பாதி பலத்தோடு மதிலடியில் நின்றார்கள். ஒரு வாரம் ஆடினோம். ஐந்து ராஜாக்களும் முடிந்தார்கள். அங்கப்பன் என்னைத் தூக்கியதில் என் தலை மின்விசிறியில் இடித்தது. நல்லவேளை, அது ஆறு மாதமாக ரிப்பேர்.

அதன் பிறகுதான் அதிசயம். பட்டியலில் ஒரு படி மேலே போனோம். இரண்டாம் வளைவை ஒரு மாதத்தில் முடித்தோம். மூன்றாவது பத்து நாள். நான்காவது நாலு நாள். உச்சியில் இருந்த ஆறாவது வளைவை ஒரே மதியத்தில், டீச்சர் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடித்து, மீதி நேரத்தில் குரங்கும் விரட்டினேன். ஏற ஏறச் சுலபமானது. மனிதனுக்குச் சந்தேகம் வர வேண்டிய இடம் அது. எனக்கு வந்தது தலைக்கனம். அறிவு என்பது தேன் மாதிரி, தாமதமாகத்தான் இறங்கும் என்று வாடிக்கையாளர்களுக்கே சொல்ல ஆரம்பித்தேன். அங்கப்பன் மட்டும் நான்காவது வளைவிலிருந்து கொஞ்சம் அமைதியாகிவிட்டான். பொறாமை என்று நினைத்து, அவன்மேல் இரக்கப்பட்டேன். அந்த இரக்கத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

97 ஜனவரியில் டீச்சர் ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தார். சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இதே ஆட்டத்தில் போட்டி. ஜெயிப்பவர் ஒருவருக்கு ஒரு வருடப் படிப்பு இலவசம். முடித்ததும் அங்கேயே சொல்லிக் கொடுக்கும் வேலை. எந்த லெவலிலும் ஆடலாம். கஷ்டமான லெவலுக்கு மார்க் அதிகம். ஒரே ஒரு சீட்டு.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்டூலை விட்டு எழுந்திருக்க ஒரு வழி. அண்ணனிடம் சொன்னேன். "போய்ட்டு வா. ஸ்டூல் எங்கயும் போயிறாது," என்றார்.

பஸ்ஸில் அங்கப்பனிடம், "எனக்குக் கெடைச்சா நீ கோவிச்சுக்காத மாப்ள. உச்சி வளைவை நான் தனியா முடிச்சவன்," என்றேன்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, "பாக்கலாம்," என்றான். அவ்வளவுதான். மலை இறங்கி முடிகிறவரை நேரம் இருந்தது. அவன் அந்த ஒரு சொல்லுக்கு மேல் பேசவில்லை.

சென்டரில் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டர். ஆட்டம் இங்கே இங்கிலீஷில் இருந்தது. எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். ஆனால் பழகிய கை கண்ணிடம் அனுமதி கேட்பதில்லை. நேராக உச்சிக்குப் போய் அமுக்கிவிட்டது. ஆட்டம் தொடங்கிய பிறகுதான் திரையின் மூலையில் எழுதியிருந்ததைப் படித்தேன். 'பிகினர்.'

மேற்பார்வை செய்தவரைக் கூப்பிட்டேன். "ஏனுங்க, இந்த மெசின்ல தப்பா வருதுங்க. நான் மேல இருக்கறதத்தான் அமுக்குனேன்."

"மேல இருக்கறது சின்னப் பசங்க ஆடறதுங்க தம்பி. கீழ போகப் போகத்தான் கஷ்டம். மாத்த முடியாதுங்க, ரூலு," என்றார் அவர். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். நியாயமான சிரிப்புதான். நானாக இருந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்பேன்.

அங்கப்பன் பக்கம் திரும்பினேன். அவனுடைய மவுஸ் அம்பு நேராகப் பட்டியலின் அடிக்கு இறங்கியது. தயக்கமே இல்லை. எனக்கு நடந்தது அவன் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. ஆனால் அவன் திரும்பவில்லை. அவன் பிடரி மட்டும் சிவந்திருந்தது.

நான் இருபது நிமிடத்தில் ஜெயித்து, வேடிக்கை பார்க்கிற கூட்டத்தோடு நின்றேன். அங்கப்பன் குன்றின் மேல் ஊரை வைத்தான். மதில் கட்டினான். பிறகு ஒன்றும் செய்யாமல் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தான். சேலத்துப் பையன்கள் பைத்தியம் என்றார்கள். ஒருமணி நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த லெவலில் அன்று தப்பித்தது அவன் ஊர் ஒன்றுதான்.

"இந்த வித்தைய யாருங்க சொல்லிக் குடுத்தாங்க?" என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

நான் மூன்றடி தள்ளி நின்றேன். அங்கப்பன் என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"யாருமில்லீங்க. நானாக் கண்டுபுடிச்சது."

திரும்பும்போது பஸ் அடிவாரத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நின்றது. நான் இறங்கி ஓர் ஓரமாக நின்றேன். அவனே வந்தான்.

"எப்பத் தெரியும்?" என்றேன்.

"மூணாவது வளைவு முடிச்சப்ப. அந்த ஆறு வார்த்தையயும் எழுதிட்டுப் போய் மதர்கிட்டக் காட்டுனேன். உனக்கு அர்த்தம் சொல்லி அசத்தலாம்னுதான்."

"அசத்திட்ட."

"இல்லடா. நீ நொம்ப சந்தோசமா இருந்த. கடையில கூட நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்ன. கீழ எறங்கறதைப் போயி ஏறறேன்னு சொல்லிட்டுத் திரியறான், எப்பிடிச் சொல்றதுன்னு உட்டுட்டேன்."

"சரி. அது பாவம் பாத்தது. நோட்டீஸு வந்தப்புறம்?"

அவன் செருப்பால் தரையைக் கீறினான். "அப்பச் சொல்லோணும்னுதான் இருந்தேன். ஒரே சீட்டு மாப்ள."

"வித்தை?"

அவன் பஸ் பக்கம் திரும்பிக்கொண்டான். டிரைவர் ஹாரன் அடித்தார்.

வெறுமனே ஏமாற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கடைக்காரனுக்கு அது தொழில் பழக்கம். அவன் மறைத்ததில் முதல் பாதி என்மேல் இருந்த பிரியத்தால் என்பதுதான் தாங்கவில்லை. வீட்டுக்குப் போய் அண்ணனிடம் தோற்றுவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்ததில் இன்னொன்று புரிந்தது. அந்த ஒன்பது மாதம் நாங்கள் அடி வாங்கியது உலகத்திலேயே கஷ்டமான லெவலில். ஜெயித்ததும் அங்கேதான். நான் மக்கு இல்லை. அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ள எனக்கு இருந்த ஒரே சாட்சி, அங்கப்பன்.

மூன்று வாரம் கழித்து அவன் டிரங்குப் பெட்டியோடு கடைக்கு வந்தான்.

"வாங்க," என்றேன். "என்னங்க வேணும்?"

அவன் திகைத்துப் போனான். "என்றா இது? எனக்கா 'ங்க' போடற?"

"சேலத்துல வாத்தியாராகப் போறவிங்க. மரியாதை வேணுமில்லீங்களா?"

"ரெண்டு அறை வேண்ணா அறைஞ்சுக்கோ. இப்பிடிப் பேசாத."

"அறையறதெல்லாம் சிநேகிதங்களுக்குள்ளங்க." மிளகை அளந்து கட்டிக்கொண்டிருந்தேன். கை சும்மா இருந்தால் அழுதுவிடும் ஜாதி நான். "எங்க தங்கப் போறீங்க?"

"தெரியல. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏதாச்சும் லாட்ஜு பாக்கணும்."

அவன் அம்மா மருதாயிக்கு அவன் ஒரே பிள்ளை. லாட்ஜு என்றால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. மிளகு கட்டுகிற தாளில் ஒன்றை எடுத்தேன். சேலத்தில் இருக்கும் என் அக்கா கதீஜாவுக்கு எழுதினேன். மாடி ரூமை எனக்காக ஒழித்து வைத்திருந்தாள். நான் தோற்றதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

'அக்கா, நான் வரவில்லை. எனக்குப் பதில் அங்கப்பன் வருகிறார். ரூமைக் கொடு. அவருக்கு உன் மீன் குழம்பு பிடிக்கும். அவர் நன்றாகப் படிப்பார்.'

அங்கப்பன் வாங்கி, நின்றபடியே இரண்டு தடவை படித்தான். சாலையில் அவனுடைய பஸ் ஹாரன் அடித்தது.

"அவரு இவருன்னு எழுதியிருக்கயேடா," என்றான். தாளைத் திரும்ப நீட்டினான். "அவன்னு மாத்திக் குடு, போயிடறேன்."

பேனா என் கையில்தான் இருந்தது.

"அதுல தப்பு ஒண்ணுமில்லீங்க," என்றேன். "பஸ்ஸு வந்துருச்சு பாருங்க."