ஸ்டேப்ளர் அடித்த அத்தியாயம்

என் அண்ணனுக்கு ரெடிமேட் எதுவும் ஆகாது. சட்டையில் ஆரம்பித்து உலகம் வரைக்கும்.

உலகம் என்றால், சனிக்கிழமை மதியங்களில் எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஆடும் விளையாட்டின் உலகம். ஆளுக்கொரு வேஷம், இருபது முகப் பகடை ஒன்று, நடத்துகிறவர் ஒருவர். அவர் ஊரையும் காட்டையும் ராட்சதனையும் வாயாலேயே சொல்வார். மற்றவர்கள் அதற்குள் நடப்போம். பதினோரு வருடமாக நடத்துகிறவன் அண்ணன். ஆடுகிறவர்கள் நானும், அவனுடைய பள்ளிக்காலச் சிநேகிதர் பூதக்கண்ணாடியும். அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை, அதனால் அந்தப் பட்டப்பெயர். நிஜத்தில் பரம சாது, விளையாட்டில் திருடன். நான் வில்லாளி.

விதிப்புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில், சொந்தமாக உலகம் செய்யத் தெரியாதவர்களுக்காக ஒன்று தயாராக அச்சடித்துக் கிடக்கிறது. ஏழு தெய்வங்கள், ஒரு சாம்பல் ராணி, மலைக்குள் தங்கம் தோண்டும் குள்ளர்கள். அண்ணன் முதல் நாளே அந்தப் பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து மூன்று ஓரமும் ஸ்டேப்ளர் அடித்துவிட்டான். நாங்கள் குறிப்பு எடுக்கவும் தடை. எழுதி வைத்தால் உலகம் செத்துவிடுமாம். எங்கள் குள்ளர்கள் தங்கம் தோண்டவில்லை. பல் வைத்தியம் பார்த்தார்கள். அது என்னைச் சீண்டுவதற்காக. நான் பல்செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன்.

அம்மா இறந்த மறுவாரமும் மேஜையில் உட்கார்ந்தோம். அண்ணன் பகடையை எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு, எங்கள் உலகத்தில் செத்தவர்கள் எங்கும் போவதில்லை என்றான். பக்கத்து அறையில்தான் இருக்கிறார்கள், கதவு இறுகிக்கிடக்கிறது, அவ்வளவுதான். காதை வைத்தால் உள்ளே யாரோ பீரோவைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்கும். அம்மா நாள் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருப்பாள்.

"அதைத் திறக்க ஒரு வழி இருக்கு. நீ அங்க வந்து சேரும்போது சொல்றேன்" என்றான்.

நாலு வருடமாக என் வில்லாளி அந்தக் கதவை நோக்கித்தான் நடந்தாள். அவசரப்படவில்லை. அண்ணன் எங்கே போய்விடப் போகிறான் என்ற கொழுப்பு.

போன வருடம் அவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்துவிட்டான். என்னைத் தெரிந்தது, அம்மா இல்லை என்று தெரிந்தது, பல் தேய்க்கத் தெரிந்தது. நடுநடுவே ஓட்டை. எங்கள் உலகம் அப்படியே ஓர் ஓட்டைக்குள் போயிருந்தது. பழகிய பொருளைக் கையில் கொடுங்கள், ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று மேலே வரும் என்றார் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்.

வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அவன் பேச்சை அவ்வளவு ஒழுங்காகக் கேட்டுத் தொலைத்திருக்கிறோம். கிடைத்தது புத்தகம் மட்டும்தான். கொடுக்கிறதை முழுசாகக் கொடுப்போம் என்று லேபுக்குக் கொண்டுபோய், மெழுகு செதுக்கும் கத்தியால் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். முப்பத்தெட்டு பின். ஒரு தாள்கூடக் கிழியவில்லை. என் கைத்திறமையில் அன்றைக்கு எனக்கே பெருமை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாலும் நான் நேர்த்தியாகத்தான் வைத்துக்கொள்வேன்.

அண்ணன் படித்தான். தலையணையில் சாய்ந்தபடி வாய்விட்டுப் படித்தான். ஒரே மாதத்தில் இரண்டாம் அத்தியாயம் மனப்பாடம். மருத்துவர் அசந்துபோய் கைகுலுக்கினார்.

போன சனிக்கிழமை பூதக்கண்ணாடி பகடையோடு வந்தார். அண்ணன் நடத்தினான், எங்கேயும் தடங்கலில்லாமல், பழைய கம்பீரத்தோடு. மலைக்குள் குள்ளர்கள் தங்கம் தோண்டினார்கள். பூதக்கண்ணாடி, தன் திருடனுக்குக் கடைவாய்ப்பல் வலி, குள்ள டாக்டர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டுப் பார்த்தார். குள்ளர்கள் வைத்தியம் பார்ப்பதில்லை என்று அண்ணன் பொறுமையாக விளக்கினான். பூதக்கண்ணாடி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஓட்டைக்குள் எங்கள் உலகம் எங்கேயோ கிடக்கிறது, கிளறினால் வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். அந்த இடத்தில் நானே கடைச்சரக்கைக் கொட்டி நிரப்பியிருக்கிறேன். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. என் வில்லாளி தாழ்வாரத்தின் கடைசிவரை போய் ஒரு கதவில் காதை வைக்கிறாள் என்றேன்.

"என்ன கதவு?"

"இறுகிப்போன கதவுண்ணே. உள்ள பீரோ சத்தம் கேக்கும்."

நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே யோசித்தான். பூதக்கண்ணாடி துடைப்பதை நிறுத்தினார். அண்ணன் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தான்.

"அப்படி ஒண்ணும் இல்லையேம்மா" என்றான். நான் கேட்டது இல்லாமல் போய்விட்டதே என்று அவனுக்கு வருத்தம்கூட இருந்தது.

"அப்போ செத்தவங்க எங்கண்ணே போவாங்க?"

அவன் முகம் மலர்ந்தது. இது தெரிந்த கேள்வி. புத்தகத்தை மூடியே வைத்துவிட்டான்.

"சாம்பல் ராணி வாசலுக்குப் போவாங்க. அவ ஒவ்வொருத்தர்கிட்டேயும் நினைவை வாங்கிக்குவா. வாங்கினா திருப்பித் தர மாட்டா. அதுக்கப்புறம் அங்க யாருக்கும் யாரையும் தெரியாது. பக்கம் நாற்பத்தொண்ணு."

சொல்லி முடித்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரியா சொன்னேனா?"

"சரிதாண்ணே" என்றேன். "ஒரு எழுத்து மாறல."