ஓப்பல் டாக்கெட்டின் முகம்

வெர்னன் டாக்கெட் போக்கர் மேசையில் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம், அவன் முகத்தில் வரவேண்டிய சிரிப்பும் பயமும் எரிச்சலும் ஊருக்கு மறுகோடியில் இருந்த அவன் மனைவி ஓப்பலின் முகத்தில் வந்தன. கல்யாணமான வருஷமே இது ஆரம்பித்துவிட்டது. லாஸ் வேகாஸில் எங்கள் பக்கம், அதாவது விளக்கு வெளிச்சம் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் எட்டிப் பார்க்காத டிரெய்லர் வீடுகளின் பக்கம், இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருத்தர் வீட்டுக் கூரை ஒழுகும், இவர்கள் வீட்டில் இது. மேசையில் வெர்னன் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருப்பான். எதிரே இருப்பவன் கழுத்து நரம்பைப் பார்ப்பான், கண் சிமிட்டலைப் பார்ப்பான், ஒன்றும் பிடிபடாமல் வெறுத்துப்போய்ப் பணத்தை விட்டுவிட்டு எழுந்துபோவான். அந்தப் பணத்தில்தான் பல வருஷம் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

அடுப்பில் சமைத்தவள் பட்ட பாடு இருக்கிறதே, அது தனி. ஓப்பல் முதலில் ஒரு சவ அடக்க நிலையத்தில் வரவேற்பு வேலை பார்த்தாள். கணவனைப் பறிகொடுத்த ஓர் அம்மாள் சவப்பெட்டிக்கு எந்த மரம் நல்லது என்று கேட்டுக்கொண்டிருந்தபோது வெர்னனுக்கு மூன்று ராஜா சேர்ந்தது. ஓப்பல் பல் தெரிய மலர்ந்தாள். அன்றே வேலை போயிற்று. பிறகு துணிக்கடை, பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடம் என்று எதிலும் நிலைக்கவில்லை. கையில் நல்ல சீட்டு ஒன்றுமில்லாமல் அவன் பந்தயத்தை ஏற்றினால் இவள் காது சிவந்து உள்ளங்கை வேர்த்துவிடும். திருடி அகப்பட்டவள் மாதிரி முதலாளி எதிரே நிற்பாள். கடைசியில் ஓர் ஓட்டலின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலையில் ஒதுங்கினாள். பக்கத்து டிரெய்லர் கிளாடிஸ் போகிற போக்கில் கேட்பாள்: "என்ன ஓப்பல், உன் வீட்டுக்காரனுக்கு இன்னிக்கு நல்லா விழுதா?"

"எனக்கென்னடி தெரியும். என் மூஞ்சியைக் கேளு."

ஆட்டம் நாள் முழுக்க நடக்கும். அது முடிந்து மிச்சமிருக்கிற நேரத்தில் சொந்தமாகச் சிரிக்கவோ முறைக்கவோ அவளுக்குத் தெம்பு இருக்காது. வீட்டுக்கு வந்ததும் வெர்னனுக்கு முகம் திரும்பிவிடும், ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்கும் தோன்றாது. உருளைக்கிழங்கையும் இறைச்சியையும் நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அசந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கிறவர்களுக்கே கொட்டாவி வரும்.

ஓப்பலின் அப்பாவைக் குழியில் இறக்கியபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அக்கா நோரீன் அத்தோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஏன் சிரித்தாள் என்று நோரீனுக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் மனசு ஆறிவிடுமா என்ன. நோரீன் நோயில் விழுந்த பிறகுதான் ஓப்பல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெர்னன் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், காலையில் மட்டும் போவாள். அக்கா தங்கை இரண்டு பேரும் பழையபடி பேசத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே நோரீன் போய்விட்டாள். அவளைப் புதைக்கக் குறித்த நாள், வருஷாவருஷம் நடக்கும் பெரிய போட்டியின் கடைசி நாளாக வாய்த்தது. வெர்னன் அந்தக் கடைசி மேசை வரைக்கும் வந்துவிட்டிருந்தான். நுழைவுப் பணம் கட்டியவர் கார் வியாபாரி மேபரி. அடுத்தவர் பணத்தில் உட்கார்ந்தவன், ஜெயிக்கும்வரை அல்லது காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் சில்லுகளில் கடைசிச் சில்லு போகும்வரை நாற்காலியை விட்டு எழுந்து போகக்கூடாது. இது எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் மீறினவனுக்கு எங்கள் ஊரில் அப்புறம் யாரும் பணம் கட்ட மாட்டார்கள்.

அன்று காலை கறுப்பு உடையைப் போட்டுக்கொண்டு ஓப்பல் சொன்னாள்: "வெர்னன், இன்னிக்கு அவளுக்காக நான் அழணும். நானா அழணும்."

"எழுந்து வர முடியாதும்மா. மேபரி பணம்."

"உன்னை யாரு வரச் சொன்னா? நடுவுல வந்து சிரிச்சுத் தொலைக்காதேன்னுதான் சொல்றேன்."

வெர்னன் போனான், உட்கார்ந்தான், தனக்குப் போட்ட இரண்டு சீட்டையும் பார்க்கவில்லை. முனையைக்கூடத் தூக்கவில்லை. மேசை நடுவில் எல்லாருக்கும் பொதுவாக விரிக்கிற சீட்டுகளையும் ஏறிட்டுப் பார்க்காமல், பச்சைத் துணியில் சிகரெட் சுட்ட ஓட்டையையே பார்த்துக்கொண்டு சில்லுகளைத் தள்ளினான். மற்றவர்கள் மிரண்டு போனார்கள். தன் கையில் என்ன இருக்கிறதென்று தனக்கே தெரியாதவனை எப்படித்தான் படிப்பது? ஒவ்வொருவராகத் தோற்று எழுந்து போனார்கள். மத்தியானம் அவனும் டெக்சாஸ்காரன் ஒருவனும் மட்டும் மிஞ்சினார்கள். இரண்டு பேர் சில்லும் மொத்தமாக நடுவே வந்தது. டெக்சாஸ்காரன் இரண்டு ராணியைத் திருப்பிப் போட்டான். இனி வெர்னன் திருப்ப வேண்டும். திருப்பினால் பார்க்க வேண்டும். அந்நேரம் கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கிக்கொண்டிருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு சீட்டையும் கவிழ்த்தபடியே கழித்த சீட்டுக் குவியலுக்குள் தள்ளிவிட்டான். அந்தக் குவியலைத் தொட்ட சீட்டு செத்த சீட்டு. நாலு ஏஸே ஆனாலும் திரும்ப எடுக்க முடியாது. ஜெயித்தவனுக்கே முழுப் பணமும் என்றிருந்த காலம் அது; மொத்தமும் டெக்சாஸ்காரனுக்குப் போயிற்று.

மேபரி தடுப்புக் கம்பியைத் தாண்டி வந்தார். "என்னய்யா இருந்துச்சு அதுல?"

"தெரியாது."

"என் காசை வெச்சு ஆடிட்டுத் தெரியாதுங்கறியா?"

"நான் பார்த்திருந்தா அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

மேபரி தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வெர்னனோடு ஒரு காபிகூடக் குடிக்கவில்லை.

வீட்டில் ஓப்பல் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கின கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். "நல்லா அழுதேன்," என்றாள். "நோரீன் பொண்ணு வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டா."

"சரி."

"ஆனா எல்லாமே என்னோடது இல்லை வெர்னன். பாதியில வேற மாதிரி ஒரு அழுகை வந்துச்சு. அது உன்னோடது."

"நோரீனைத் தவிர வேற எதையும் நினைக்க வரலை எனக்கு," என்றான் வெர்னன்.

"இருக்கட்டும். அவளுக்கு நீயும் வேணுமில்ல," என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கைச் சூடுபண்ண எழுந்தாள்.

அதன் பிறகு அவனுக்கு யாரும் பணம் கட்டவில்லை. ஓய்வூதியக்காரர்கள் பொழுதுபோக்காக ஆடும் சின்ன மேசைகளுக்கு இறங்கினான். வேலைக்குப் போகிற மாதிரி தினமும் போய் வருவான். கல்யாணம், பல் வைத்தியர், சும்மா கிளாடிஸோடு உட்கார்ந்து பேசுவது என்று தன் முகம் தனக்கு வேண்டிய நாட்களில் ஓப்பல் காலையிலேயே சொல்லிவிடுவாள். அன்றைக்கு அவன் சீட்டின் முனையைத் தொட மாட்டான். மேசையில் இருப்பவர்கள் அதைக் கவனித்து, "ஓப்பலுக்கு இன்னிக்கு எங்கேயோ போகணும் போலிருக்கு," என்று சொல்லிக்கொண்டே, அவன் போட்டிக்கு வரமாட்டான் என்று தெரிந்து ஆளுக்கு ஆள் பந்தயத்தை ஏற்றுவார்கள். வெர்னன் சீட்டைக் கவிழ்த்தபடியே தள்ளிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு எப்போது போடுவார்கள் என்று காத்திருப்பான்.