முதலாம் இலக்கக் கயிறு

ஸ்கொட்லாந்தில், கிளாஸ்கோவில் பதினான்கு வருடம் கடை நடத்திவிட்டு ரொறன்ரோவுக்கு வந்தவன் நான். அந்தப் பதினான்கு வருடத்தை இங்கே ஒரு நாயும் மதிக்கவில்லை, எங்கள் ஊர்க்காரி யோகராணியின் மகன் வினோதன் ஐலாவைக் கட்டும்வரைக்கும். அதற்குப் பிறகு அஜின்கோர்ட் தமிழருக்குள் இந்தத் தில்லையம்பலம் பெரிய ஆள். ஐலாவின் தகப்பன் ஆர்ச்சி ஸ்கொட்லாந்துக்காரர். ஐம்பது வருடம் கனடாவில் இருந்தும் அவருடைய நாக்கு ஊரை விட்டு நகரவில்லை. அவர் வாயைத் திறந்தால் சம்பந்தி வீடு முழுக்க என் முகத்தைப் பார்க்கும். 'பேர்ன்' என்றால் குழந்தை, வானத்தைப் பார்த்து 'ட்ரீக்' என்றால் இன்று முழுக்கத் தூறலும் இருட்டும்தான் என்று விளக்கம் சொல்வேன். சொல்லச் சொல்ல எனக்குத் தலைக்கனம் ஏறியது. அதை இப்போது ஒளித்துப் பயனில்லை.

போன கார்த்திகையில் ஆர்ச்சி இறந்துபோனார். இரண்டாம் நாள் யோகராணி ஒரு சின்ன அட்டையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அட்டையில் சவப்பெட்டியின் படம், அதைச் சுற்றி எட்டு இலக்கங்கள். மேலே வினோதனின் பெயரும் முதலாம் இலக்கமும் எழுதியிருந்தன.

எனக்குப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது. ஸ்கொட்லாந்தில் பெட்டியை எட்டுப் பேர் ஆளுக்கொரு கயிறு பிடித்துத்தான் குழிக்குள் இறக்குவார்கள். யாருக்கு எந்தக் கயிறு என்று முன்கூட்டியே அட்டை கொடுப்பார்கள். தலைமாட்டில் இருக்கும் முதலாவது கயிறு மூத்த மகனுக்கு. ஆர்ச்சிக்கு மகன் இல்லை. சாகமுதல் தன் கையாலேயே பட்டியல் எழுதி, மருமகனை அந்த இடத்தில் வைத்திருக்கிறார். எங்கள் ஆட்களில் ஒருவர் கொள்ளி வைக்கும் உரிமையை எழுதிக் கொடுத்தது போல.

ஆனால் கயிறு பிடிப்பதை மட்டும்தான் சொன்னேன், அதற்குள் யோகராணி வெளிறிப்போனாள்.

"பெண்சாதி வயித்தில பிள்ளையோட இருக்கேக்க புருசன் பிரேதத்தில கை வைக்கக்கூடாது அண்ணை. முதல் ரெண்டும் தங்கேல்லை. இதுக்கு ஆறு மாசம். உவன் பிடிக்காட்டி அவை குறை நினைப்பினமோ?"

நினைப்பார்கள். தகப்பனின் பெட்டிக்குத் தனக்குக் கயிறு தரவில்லை என்று தமையனோடு ஒன்பது வருடம் பேசாமல் இருந்த ஒருவர் தினமும் என் கடைக்குத்தான் பேப்பர் வாங்க வந்தார். கொடுத்த கயிற்றை வேண்டாம் என்ற ஒருவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அந்த மனுசி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் அவள் எதிர்பார்த்து வந்த பதில் எது என்றும் எனக்குத் தெரிந்திருந்தது.

"ஒருத்தரும் குறை நினைக்க மாட்டினம்," என்றேன். "உது சும்மா ஒரு மரியாதை. ஆள் வராட்டி வேற ஆரும் பிடிப்பினம்."

பின்னேரம் வினோதன் போன் எடுத்து, உண்மையாகவே பரவாயில்லையா என்று கேட்டான். தாயைப் பகைக்கவும் பயம், ஐலாவிடம் சொல்லவும் பயம். தகப்பனைப் பறிகொடுத்து நிற்பவளை இதைச் சொல்லிக் குழப்பாதே, பெயர் கூப்பிடும்போது கொஞ்சம் பின்னால் நில் என்று அவனுக்கும் புத்தி சொன்னேன்.

அடக்கம் பிக்கரிங் பக்கத்துச் சேமக்காலையில். தூறிக்கொண்டிருந்தது. ஆர்ச்சி எழுதிவைத்தபடி, பெட்டி இறக்கும் இயந்திரத்தை அகற்றிவிட்டுக் கயிறுகளைப் போட்டிருந்தார்கள். அடக்கத்தை நடத்தியவர் பெயர்களை வாசித்தார். முதல் பெயர் வினோதன். அவன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டாம் தடவையும் வாசித்தார். தாய் அவனுடைய ஜக்கெற் கையைப் பிடித்திருந்தாள். கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து ஐலா மெல்ல அவனைக் கூப்பிட்டாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான். அவளுடைய முகம் போன போக்கைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மற்ற ஏழு பேரும் தங்கள் இடத்துக்கு வந்துவிட்டார்கள். நடத்தியவர் தானே குனிந்து அந்தக் கயிற்றில் கை வைத்தார். ஐலா அவரை விலக்கினாள். ஆறு மாத வயிற்றோடு குழியின் விளிம்பில் நின்று, தகப்பனின் தலைமாட்டுக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஐயோ பிள்ளை, விடு," என்று யோகராணி கத்தியது அந்த வெளி முழுக்கக் கேட்டது. ஐலா திரும்பவில்லை. பெட்டி அடியில் தட்டும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தாள்.

எல்லாம் முடிந்ததும் நேரே என்னிடம்தான் வந்தாள். நான் சொன்ன புத்தியை வினோதன் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"அங்கிள், நீங்கள் அங்கே இருந்தவர். இது என்னவென்று உங்களுக்குத் தெரியும்," என்றாள் ஆங்கிலத்தில். என் பதிலுக்கு நிற்காமல் தகப்பனின் சகோதரியுடைய காரில் ஏறிப் போய்விட்டாள். வினோதன் வீட்டுக்கு அவள் திரும்பவில்லை.

மாசியில் பெண்பிள்ளை பிறந்தது. சுகமான பிள்ளை. பேத்தியை யோகராணி போனில் படமாகத்தான் பார்த்தாள். அந்தப் படத்தை எனக்குக் காட்டிவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"அவையின்ர முறைப்படி எத்தினை நாளில கோவம் தீரும் அண்ணை?"

அவள் இன்னமும் என்னை நம்பிக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"உமக்கு நான் பொய் சொன்னனான், யோகராணி. அவை குறை நினைப்பினம் எண்டு எனக்கு அப்பவே தெரியும்."

அவள் பிள்ளையின் படம் இருந்த போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எழும்பிப் போனாள்.