குப்பண்ணனின் இரண்டாம் கியர்

குப்பண்ணன் வீட்டு அம்பாசிடர் கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியிலிருந்து திரும்பினால், மதிலுக்கு இந்தப் பக்கம் அரிசி புடைத்துக்கொண்டே சொல்லிவிடுவேன். எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. எங்கள் வளைவில் இரண்டாம் கியர் போடும்போது கரகரவென்று ஒரு சத்தம். அதற்கு மேல் குப்பண்ணனின் முக்கல் ஒன்று. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கியர்க் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார். அந்த நேரத்தில் வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்கக் கூடாது.

பாலக்காட்டு வக்கீல் ஒருவரிடம் வாங்கிய பழைய வண்டி. ஆனாலும் இரண்டு வாரமாகத்தான் இந்த அடம்.

விடிந்தால் பொள்ளாச்சியில் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோது, "அடடா, இந்த வெயில்ல பஸ்லயா வந்தீங்க? நாங்க வர்றப்ப கார்லயே வந்துர்றமுங்க" என்று இவர் சொன்னது தெருக்கோடி வரை கேட்டது. இப்போது அதே பஸ்ஸில் போய் இறங்குவதா? மனிதர் காலையிலிருந்து காப்பிகூடத் தொடவில்லை.

மோட்டார் சாமான் கடை சைனுதீனைக் கூட்டி வந்தார்.

"கிளச்சு போச்சுங்க பாய்."

"கிளச்சு மேல பழி போடாதீங்கண்ணா. இஞ்சினை நிறுத்திட்டு கியரைப் போடுங்க."

நிறுத்திவிட்டுப் போட்டார். அப்போதும் அதே முக்கல்.

"ஓடாத வண்டியிலயும் கியர் உழுகலீன்னா கிளச்சு என்னண்ணா பண்ணும்?"

சைனுதீன் பானட்டைத் திறந்து, கியர்ப் பெட்டிக்குப் போகும் கம்பிகளைக் கழற்றினார். பெட்டியில் இருந்த பிடி ஒற்றை விரலுக்கு அசைந்தது. கம்பிகள்தான் அசையவில்லை. அவற்றின் மூட்டுகளில் தார் போலக் கறுப்பாக ஏதோ அப்பிக் கிடந்தது.

"இதுக்கு என்னத்தத் தடவுனீங்க?"

"நானா? அந்த வக்கீல் தடவியிருப்பாரு."

அந்த நேரம் பார்த்து, அவர் வீட்டு மாட்டுவண்டி ஊரைக் கூட்டும் கிறீச்சலோடு உள்ளே வந்தது. வண்டிக்காரன் சின்னமுத்து குதித்து இறங்கினான்.

"ஏனுங்க, மசைக் குழாயக் காணமுங்க. ரெண்டு வாரமாத் தேடறேன். அச்சு காஞ்சு மாடு ரெண்டும் நொந்து போச்சுங்க."

வைக்கோல் சாம்பலை விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து வைப்பார்களே, அச்சுக்குப் போடும் மசை, அதைத்தான் தேடுகிறான். சைனுதீன் தன் கறுத்த விரலை மெதுவாக முகர்ந்து பார்த்தார்.

"கார் டிக்கியத் தொறந்து பாரு சின்னமுத்து" என்றாள் வாசலிலிருந்து பொன்னாத்தாள். கட்டிய மனைவிக்குத் தெரியாமலா இருக்கும்? எனக்கும் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்பு குப்பண்ணன் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு தடவியதை நான் பார்த்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

குழாய் டிக்கியில்தான் இருந்தது.

"மாட்டுவண்டிக்குப் போட்டா எத்தன நல்லா ஓடுது! அதான் கொஞ்சூண்டு..." என்று குப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அச்சு சுத்திக்கிட்டே இருக்கும், நீங்களும் அடிக்கடி மசை மாத்துவீங்க. இங்க இஞ்சின் சூட்டுல சாம்பலும் புழுதியும் சேந்து வடையா வெந்து கெடக்குது."

"இனிப் பஸ்ஸுதானா பாய்?"

"சீமெண்ணெய் கொண்டாங்க, சொல்றேன்."

சீமெண்ணெயும் பொன்னாத்தாளின் கிழிந்த சேலைத் துணியும் வந்தன. மூட்டு மூட்டாகச் சுரண்டித் துடைத்து, மெல்லிய எண்ணெய் விட்டு, கம்பிகளைத் திரும்ப மாட்டினார்கள். குப்பண்ணன் பழக்க தோஷத்தில் இரண்டு கையாலும் இழுக்க, கியர் சட்டென்று விழுந்து அவர் முழங்கை ஹாரனில் இடித்தது.

"மெதுவாங்ணா. இனி ஒத்த விரல் போதும்."

"ஏனுங்க, இப்பவாச்சும் காப்பி குடிக்கறீங்களா?" என்றாள் பொன்னாத்தாள். இரண்டு டம்ளர் குடித்தார்.

மறுநாள் காரிலேயே போனார்கள், நிச்சயமும் முடிந்தது. இப்போது கார் சத்தமில்லாமல் வருகிறது. மசைக் குழாய் திரும்பக் கிடைத்ததில் மாட்டுவண்டியும் சத்தமில்லாமல் வருகிறது. கஷ்டம் எனக்குத்தான்: ஒவ்வொரு தடவையும் முறத்தை வைத்துவிட்டு, கல்லின் மேல் ஏறி எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.